ஒற்றின் பயன் யாது?



யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளினூடாகச் செல்லும் நெடுவழி, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறியே செல்லல் வேண்டும். இத்தகைய துறைகளில், வருவோர் யாவர், போவோர் யாவர் என நோக்குங் கண் ஒன்று எக்காலத்தும் இருந்தே வந்துளது. ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே காவல் உண்டு. அதனை அடுத்த கடலில், போர்த்துக்கேயர் எழுப்பி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அரசின் அக்கண் எதனைக் காணல் வேண்டும், எதன்பொருட்டுக் காணல் வேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நயினாதீவிலே, 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கின், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்கின்றது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடையின் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்காயின் செம்பாதி. இவ்வாறு பங்கிடுவதற்கு, வந்த கலம் யாது, சரக்கு யாது, உடையவன் யார் என்று அரசு அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு வந்தவனைக் காப்பதற்கும் பயன்பட்டமை கருதத்தக்கது.

திருவள்ளுவரும் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றினையும் நூலினையும் அரசனுக்கு இரு கண்களாக அவர் கூறுகின்றார். நூல் என்பது நீதி. நீதியில்லாத ஒற்று ஒற்றைக் கண்ணே. ஒற்றால் ஆராயப்படுவோரை அடுக்குமிடத்து, அரசனின் வினைசெய்வாரை முதலிலும், சுற்றத்தாரை அடுத்தும், பகைவரை இறுதியிலும் வைக்கின்றார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனால் ஆய்ந்து கொள்ளுக என்பதும் அவர் கூற்று.

இனி, இந்நாட்டு வரலாற்றில் இரண்டு உயிர்த்த ஞாயிறுகளை ஒப்பிட்டுக் காண்போம். 1942 ஏப்ரில் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து எழுந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் யப்பானியக் கடற்படையைக் கண்டார். தம் வானூர்தி சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை வானொலியில் அனுப்பினார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்துக் கப்பல்களுட் பல முன்னரே அகற்றப்பட்டிருந்தமையால் அழிவு குறைந்தது. ஆயினும் இரத்மலானையில் போர்வானூர்திகள் தரையில் நிற்கும்போதே எதிரி வந்துவிட்டான். செய்தி எட்டிய இடத்தில் உயிர் தப்பியது. எச்சரிக்கை கடைசிக் கணத்தில் தவறிய இடத்தில் இழப்பு நேர்ந்தது.

2019 இலும் ஏப்ரில் 4 அன்றே எச்சரிக்கை வந்தது. தேவாலயங்களும் இந்திய உயர் ஸ்தானிகராலயமும் இலக்காகலாம் என இந்தியா அறிவித்தது. அச்செய்தி அரச புலனாய்வுச் சேவையிலிருந்து மேலதிகாரிகளுக்கும், ஏப்ரில் 9 இல் பொலிஸ் மா அதிபருக்கும் கடிதமாய்ச் சென்றது. தேவாலயங்களுக்கோ மக்களுக்கோ அது சொல்லப்படவில்லை. ஏப்ரில் 21 அன்று, கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்த் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 260 பேருக்கு மேல் மாண்டனர். ஒற்று உறங்கவில்லை; ஒற்று கண்டதைக் கைக்கொள்ளும் அரசே உறங்கிற்று.

2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தனித்தனி 7 கோடி 50 இலட்சம் ரூபாவும் நட்டஈடாகச் செலுத்தப் பணிக்கப்பட்டனர். அறிந்தும் காவாமை குற்றம் என்பது இத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூலின்பொருட்டு 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். 2021 டிசம்பரில் பிணையில் வெளிவந்த அவரைப் புத்தளம் மேல் நீதிமன்றம் 2023 டிசம்பரிலேயே விடுவித்தது. வெளிப்படையான எச்சரிக்கையைக் கவனியாத அரசு, கவிதைக்குள் ஒளிந்த பகையைத் தேடிற்று. தமிழ் அறியாதோர் ஐயத்தோடு படித்தால், சினத்தைக் கண்டிக்கும் கவிதையும் சினமூட்டும் கவிதையாகத் தோன்றலாம் அன்றோ?

பயணியையும் பகைவனையும் பிரித்தறிவதே ஒற்றின் தொழில். அவ்வேறுபாடு அழிந்தால் நேர்வதைத் தீவகம் நன்கறியும். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில், குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

ஒற்றுக்கு எல்லை வகுத்தால் நாடு வலுவிழக்கும் என்பார் சிலர். 2019 அவர்களுக்கு விடை தருகின்றது. அங்கே குறைந்தது செய்தியன்று. எல்லாரையும் ஐயுறுவோன் குவியல் குவியலாகச் செய்தி திரட்டுவான். அக்குவியலுள் உண்மையான ஆபத்து மறைந்துபோம். பிரித்தானிய உள்நாட்டு அமைச்சர் 1952 இல் தம் பாதுகாப்புச் சேவைக்கு விடுத்த கட்டளையில், நாட்டின் காப்புக்கு வேண்டிய அளவில் நில், அரசியற் சார்பு கொள்ளாதே என்றே வரையறுத்தார். ஆள்வோரின் எதிரி வேறு, நாட்டின் எதிரி வேறு என்பது அதன் கருத்து.

ஆதலின், ஒற்றின் வேலை மூன்று: ஆபத்தை அறிதல், அறிந்ததை மெய்யென ஆய்தல், உரியவரிடம் காலத்திற் சேர்த்தல். அவ்வேலை சட்டத்தின்கீழ் நடத்தல் வேண்டும். நீதிமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் கணக்குக் காட்டல் வேண்டும். காக்கப்படுவோர் குடிமக்களாதலின், அவர்கள் எழுதும் கவிதையும், ஏறும் படகும், வணங்கும் ஆலயமும் அச்சமின்றி இருத்தலே அதன் பயனாகும்.