படகின் பின்பலகை: சப்பிரகமுவ ஆறுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சப்பிரகமுவ கடலைக் காணாத மாகாணம். எனினும் படகின் வரலாறு அதற்கு அந்நியமானதன்று. சிவனொளிபாத மலைப்பகுதியில் ஊற்றெடுக்கும் களு கங்கை இரத்தினபுரியைத் தழுவிச் சென்று களுத்துறையிற் கடலோடு கலக்கின்றது. கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, றுவான்வெல்லைப் பகுதிகளின் நீரைக் களனி கங்கை கொழும்புக்குக் கொண்டு செல்கின்றது. புகையிரதம் வருமுன்னர் உள்நாட்டு விளைபொருள்கள் தட்டையடிப் படகுகளில் இவ்வாறுகள் வழியே கரையோரத்தை அடைந்தன. 1912இல் இரத்தினபுரிக்குப் புகையிரதப் பாதை எட்டியது. தெருக்களும் பெருகவே ஆற்றுவழி வாணிபம் நலிவுற்றது.

அப்படகுகளைச் செலுத்தியவை கழையும் துடுப்பும் மனிதத் தோளுமே. அவ்விசை படகின் எந்த ஓரிடத்திலும் நிலையாகக் குவியவில்லை. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஒலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டளவில் உருவாக்கிய வெளியிணைப்பு இயந்திரம் இந்நிலையை மாற்றியது. கழற்றிப் பூட்டக்கூடிய அவ்வியந்திரத்தின் முழு உந்துவிசையையும் படகின் பின்பலகை ஒன்றே தாங்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் 1950களிலிருந்து மீன்பிடித் தொழில் இயந்திரமயமானபோது இச்சிக்கல் வெளிப்படையாயிற்று. இருமுனையும் கூர்த்த மரபுவழி வள்ளத்திற் பின்பலகையே இல்லை. ஆகவே பக்கவாட்டிற் சட்டம் பிணைத்தோ, கடைப்பகுதியை வெட்டிப் பலகை பொருத்தியோ இயந்திரத்திற்கு இடம் தேடினர். பின்னர் பரவிய கண்ணாடியிழைப் படகுகள் பின்பலகையுடனேயே வார்க்கப்பட்டன. இயந்திரம் படகுக்கு ஏற்ப அமைந்தது என்பதினும், படகே இயந்திரத்திற்கு ஏற்ப உருமாறியது என்பதே பொருந்தும்.

பொருத்துமுறையின் நுட்பமும் ஈண்டு நோக்கற்பாலது. சுழல்விசிறி நீரின் கீழ் உந்த, பிடிப்போ மேலே பலகையில் உள்ளது. எனவே நெம்புகோல் போன்று விசை பலகையை வளைக்க முயல்கின்றது. உக்கிய பலகை இதனைத் தாங்காது. இயந்திரத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகள் அதிர்வினால் தளர்வதுண்டு. ஆதலால் பலகையை ஊடுருவும் ஆணிகளை முடுக்கியும், காப்புக் கயிறு அல்லது சங்கிலி கட்டியும் வைப்பர். இயந்திரம் மிக உயர்ந்தால் விசிறி காற்றை உறிஞ்சி வலுவிழக்கும். மிகத் தாழ்ந்தால் பாறையில் மோதும். விசிறிக்கு மேலுள்ள தகடு படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒத்திருத்தலே பொதுவிதி.

கடற்கரைக்குரிய இவ்வறிவு மலைநாட்டிற்கு எதற்கு என வினவலாம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நிகழ்ந்த வெள்ளமும் மண்சரிவும் இவ்வினாவிற்கு விடை தந்தன. இரு பேரிடர்களிலும் நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரத்தினபுரி பெரிதும் பாதிக்கப்பட்டது. 2017இல் கடற்படையினரின் இயந்திரப் படகுகள் வெள்ளத்துள் மக்களைத் தேடிச் சென்றன. மலைச்சரிவிலுள்ள தோட்ட லயன்களிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும் தெரு தாழ்நிலத்தில் மூழ்கும்போது, நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் படகே தெருவாகின்றது. மரங்கள் மிதந்துவரும் நீரோட்டத்தின் நடுவே இயந்திரம் கழன்று வீழ்ந்தால், படகில் உள்ளோரும் கரையிற் காத்திருப்போரும் ஒருங்கே கைவிடப்படுவர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆற்றை மறந்த மாகாணத்தை வெள்ளம் மீண்டும் ஆற்றிடம் அழைத்துள்ளது. இயந்திரத்தின் வலுவைக் குதிரைவலுவில் அளப்பர். ஆயினும் அதனை நம்பி ஏறுவோரின் உயிரைத் தாங்குவது அதன் பின்னுள்ள பலகையின் உறுதியே. வெள்ளம் வடிந்த நாள்களில் அப்பலகையைச் சோதித்து வைப்பதே வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.