மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

வேதநாயகம் பிள்ளை (1826–1889): சோழநாட்டு முன்சீப் கோர்ட்டுகளில் நீதிபதியாக இருந்தவர், நகராட்சித் தலைவர், தமிழின் முதல் நாவலை எழுதியவர்.

அவருக்கு முந்தைய நீதிமுறைக்கு ஆவூர் என்னும் ஊர் வழியாக ஒரு சாட்சி கிடைக்கிறது. அங்கே மாதா கோயில் எழுப்பிய பிரெஞ்சுப் பாதிரியார் புஷே, 1714-இல் தம் நாட்டு நீதிபதி ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். சட்டப் புத்தகம் பார்த்து யாரும் இங்கே தீர்ப்புச் சொல்வதில்லை, ஊர்வழக்கம் அறிந்த பெரியவர்களே விசாரித்து முடிக்கிறார்கள் என்று அதில் விவரித்தார். மரியாதைராமன் கதையையும் சேர்த்தே அனுப்பினார். வாதி, பிரதிவாதி, தீர்ப்புச் சொல்பவர் எல்லாரும் பேசியது ஒரே மொழி.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அந்த நிலை போயிற்று. மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு ஏன் பறிபோனது என்பதே விளங்கவில்லை.

குளத்தூரில் பிறந்த வேதநாயகம் திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழி, கடைசியாக மாயூரம். கைக்கூலியைக் கண்டிக்கும் ‘நீதிநூல்’ 1859-இல் வந்தது. பதவியில் இருந்துகொண்டே அதை எழுதியதில் அவருடைய துணிச்சல் தெரிகிறது.

அவர் செய்த பெரிய காரியம் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்பேன். 1805 முதல் 1861 வரை மேல்கோர்ட்டான சதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் அச்சிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் பிறந்ததும் அதே ஆண்டுதான். அவருடைய நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும் (1879) கோர்ட்டு மொழி பற்றிய கவலை அவரை விடவில்லை: தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாட, கட்சிக்காரர் ஒன்றும் புரியாமல் நிற்கும் கொடுமையை அதில் சாடுகிறார்.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சொந்தப் பணத்தைப் போட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கொடையைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பெண்கல்விக்காகவும் நூல்கள் எழுதினார்.

கோர்ட்டு மொழி பற்றிய அவர் கவலை தீர நெடுங்காலம் ஆயிற்று: கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம்தரும் சட்டத்திருத்தம் 1976-இல்தான் வந்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.