தன்பாலீர்ப்புக் காதல் புனைகதை

ஆண் தன்பாலீர்ப்புக் காதல் புனைகதை: இரண்டு ஆண்களிடையே காதல் தோன்றி, வளர்ந்து, நிலைபெறுவதை மையமாகக் கொண்ட கதைவகை. காதல் புனைகதையின் கிளையான இது, நம்பிக்கை தரும் முடிவை அடிப்படைக் கூறாகக் கொண்டது.

பாத்திரங்களும் உறவுகளும்: காதலர் இருவரின் பார்வையும் மாறி மாறி வருவது பரவலான உத்தி. பகைவர் காதலராதல், நண்பர் காதலராதல், காதலராக நடித்தல் ஆகியவை வழக்கமான கதைப்போக்குகள். தன்னை ஏற்றல், குடும்பத்திடம் வெளிப்படுத்தல், சமூக நிலை வேறுபாடு ஆகியவை முரண்களை உருவாக்குகின்றன.

பண்டிகைகள்: மேற்கத்தியப் படைப்புகளில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் முக்கியக் களங்கள். வீடு திரும்பும் கட்டாயம், உறவினர் கேள்விகள், துணைவரை அறிமுகப்படுத்தும் தருணம் ஆகியவை மறைத்த உறவை வெளிக்கொணர்கின்றன. கேசி மெக்குவிஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் புளூ' (2019) நாவலில், அமெரிக்க அதிபரின் மகனுக்கும் பிரிட்டன் இளவரசருக்கும் இடையிலான முதல் முத்தம் புத்தாண்டு இரவில் நிகழ்கிறது. 'சிங்கிள் ஆல் தி வே' (2021) கிறிஸ்துமஸைக் களமாகக் கொண்ட திரைப்படம்.

வரலாறு: ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் எழுதிய 'மாரிஸ்' நாவல் முன்னோடிப் படைப்பு. அதில் இன்பமான முடிவு அமைய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆண்களிடையிலான பாலுறவு இங்கிலாந்தில் அப்போது குற்றமாக இருந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குற்றநிலையைப் பகுதியளவில் நீக்கியது. நாவல், ஆசிரியர் மறைவுக்குப்பின் 1971இல் வெளியானது.

முக்கியத்துவம்: துயர முடிவே தன்பாலீர்ப்பினருக்கு உரியது என்ற பழைய கதைமரபை இவ்வகை மாற்றி, அவர்களின் அன்பையும் இல்வாழ்வையும் இயல்பானவையாக நிறுவியது.