ஆறு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து

திண்டுக்கல் புகையிலை தெரியாதவர் யார்? 1948-இல் புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே வேடசந்தூருக்கு வந்தது. அதே வேடசந்தூரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் 'போன் ஸ்கேன்' எழுதினால், மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே கை நரம்பில் ஓர் ஊசி. இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு காமா கேமராவுக்கு அடியில் படுக்க வைப்பார்கள். புற்று தொட்ட எலும்பு மருந்தை அதிகம் இழுத்துக்கொள்வதால் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும்.

அந்த ஊசியில் இருக்கும் கதிரியக்கப் பொருள் டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். (பி.காம். படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும், குறைந்து செல் மதிப்பு முறைத் தேய்மானம்தான்!) உடம்பில் வெகுநேரம் தங்காது என்பதால் நோயாளிக்கு இது நல்லது. ஆனால் மும்பையில் ஏற்றிய சரக்கு ஒரு நாள் கழித்து மதுரைக்கு வந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்புறம் எப்படி இங்கே கிடைக்கிறது?

1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் பெரியரும் செக்ரேயும் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே செக்ரேயும் சீபோர்க்கும் 99எம் வகையைக் கண்டார்கள். இருபது வருடம் மருத்துவத்தில் யாரும் சீந்தவில்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் அயோடின்-132 தயாரித்துக்கொண்டிருந்த டக்கர், மார்கரெட் கிரீன் குழுவினர் அதில் ஏதோ கலப்படம் இருப்பதைக் கவனித்தார்கள். அது டெக்னீசியம்! அதன் தாய் மாலிப்டினம்-99. தாய் பாதியாக 66 மணி நேரம் ஆகும். ஆகவே தாயை அலுமினா நிரப்பிய குழாயில் ஒட்டவைத்து அனுப்பிவிட்டால், ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் உப்புநீர் விட்டுப் பிள்ளையை மட்டும் பிரித்தெடுக்கலாம். பால் கறப்பது மாதிரி. அதனால்தான் இந்த ஜெனரேட்டருக்குப் பசு என்றே செல்லப்பெயர்.

இதற்குக் காப்புரிமை கேட்டபோது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் உதவும், வியாபாரம் ஆகாது என்று 1958-இல் மறுத்துவிட்டார்கள். உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் மருத்துவ ஐசோடோப்பு இன்று அதுதான். சந்தைக் கணிப்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

டெக்னீசியத்தை எலும்புக்கு வழிகாட்டி அழைத்துப்போக ஒரு வேதிப்பொருள் வேண்டும். அமெரிக்காவின் சிரக்யூஸில் 1971-இல் அதைச் செய்து காட்டியவர்கள் ஜி.சுப்பிரமணியனும் மெக்காஃபியும். முதல் பெயர் நம்மூர்ப் பெயராயிற்றே என்று தோன்றும். 1975-இல் அவர்கள் குழு கொடுத்த எம்டிபி என்ற மருந்துதான் இன்றைக்கும் போன் ஸ்கேனில் போடப்படுகிறது.

இந்தியாவில் டிராம்பே உலைகளில் செய்த மாலிப்டினத்தில் கதிரியக்கச் செறிவு குறைவு. சின்னக் குழாயில் அடங்காது. அதனால் பல காலம் நம் ஆஸ்பத்திரிகளில் எம்இகே என்ற கரைப்பானைக் கொண்டு டெக்னீசியத்தைப் பிரித்தெடுத்தார்கள். வேலை கூடுதல்தான், ஆனால் காரியம் நடந்தது.

பசு இருந்தாலும் தீவனம் வர வேண்டுமே. உலகுக்கே மாலிப்டினம் கொடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கிழட்டு உலைகள். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது. 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நின்றது. கேமராக்கள் இருந்தும் ஊசி மருந்து இல்லாமல் பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. 2010 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சாக் ரிவர் உலையை 2018 மார்ச்சில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.