ஹோம் கேர் நர்ஸ் ஆகணுமா? என்ன படிக்கணும்?

பக்கவாதம், எலும்பு முறிவு, முதுமை எனப் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே கவனிக்க பல குடும்பங்கள் ஆள் தேடுகின்றன. ஆனால் அப்படி வருபவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை.

யார் நர்ஸ்?

பிளஸ் 2 முடித்து, 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கணும். பிறகு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யணும். பி.எஸ்சி.க்கு பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அவசியம். டாக்டர் எழுதித் தந்தபடி ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது, யூரின் டியூப் மாற்றுவது இவர்கள் வேலை.

யார் உதவியாளர்?

சில மாதப் பயிற்சி மட்டும் முடித்தவர். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது இவர் பொறுப்பு. 'ஒரு ஊசிதானே, போட்டுடும்மா' என்று வீட்டில் கேட்டாலும் மறுத்துடணும். இன்சுலின் அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.

படித்ததும் நேராக வீட்டுப் பணிக்கு வரலாமா?

முதலில் ஆஸ்பத்திரி வார்டு அனுபவம் பெறுவது நல்லது. வீட்டில் பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். மூச்சுத்திணறலை முதலில் கவனித்து, 108-ஐ அழைக்க வேண்டியவர் நர்ஸ்தான்.