ஓட்டுக்குள் ஓர் ஊட்டம்

கோழி முட்டையிட்ட அக்கணமே தாய்க்கும் சேய்க்கும் உள்ள உணவுத் தொடர்பு அற்றுவிடுகிறது. பசுவின் வயிற்றில் வளரும் கன்று பிறக்கும் நாள் வரையில் கொப்பூழ்க்கொடி வழியே தாயின் இரத்தத்திலிருந்து ஊட்டம் பெறுகின்றது. கோழிக்குஞ்சுக்கு அந்தப் பேறு இல்லை. இருபத்தொரு நாள் பயணத்திற்கு வேண்டிய புரதம், கொழுப்பு, சுண்ணாம்பு, நீர் அனைத்தையும் தாய்க்கோழி ஒரே ஓட்டுக்குள் கட்டி வைத்து அனுப்பிவிடுகிறது. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலேறும் மகனுக்கு வீட்டார் கட்டித் தரும் கட்டுச்சோறு போன்றதே அது. வழியில் போதாது என்று தோன்றினாலும் மேலும் கேட்டுப் பெற இயலாது.

அந்தக் கட்டுச்சோற்றில் மனிதன் தன் கையால் ஒரு பிடி கூடுதலாக வைக்க முடியுமா? முடியும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் காட்டினர். ஓட்டில் நுண்ணிய துளையிட்டு, பொரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் கருவுக்கு உணவு செலுத்தும் முறை இன்று ஆராய்ச்சிக் கூடங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. மனித அறிவு அந்த இடத்தை அடைய இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதலில் முட்டைக்குள் பார்க்கக் கற்றோம். பின்னர் அதனுள் கைவைக்கக் கற்றோம். இறுதியிலேதான் அதனுள் இருக்கும் உயிருக்குப் பசி உண்டு என்பதை எண்ணினோம்.

பார்க்கக் கற்றவர்களில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், அடையில் வைத்த முட்டையில் நிகழும் மாறுதல்களை நாட்கணக்குடன் எழுதி வைத்தார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் கருவின் முதல் அடையாளம் தோன்றும் என்றும், இதயம் ஓர் இரத்தப் புள்ளியாகத் துடிக்கும் என்றும் அவர் குறித்தார். குஞ்சு வெண்கருவிலிருந்து உருவாகிறது, மஞ்சட்கருவிலிருந்து உணவு கொள்கிறது என்பது அவர் கொள்கை. இதன் முற்பகுதி பிழை. பிற்பகுதி பெரும்பாலும் உண்மை. அவருக்குப் பின் நெடுங்காலம் ஐரோப்பாவில் இத்துறை உறங்கிக் கிடந்தது. இத்தாலியில் ஃபாப்ரிசியஸ் எழுதிய கருவியல் நூல் அவர் மறைவுக்குப் பின் 1621இல் வெளிவந்தது. அவருடைய மாணாக்கரும் இரத்த ஓட்டத்தைக் கண்டவருமான வில்லியம் ஹார்வி, 1651இல் உயிர்களின் பிறப்பைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். போலோன்யா நகரத்து மால்பீகி, நுண்பெருக்காடியின் துணையால் கருவின் தொடக்க நிலைகளைக் கண்டு வரைந்த படங்கள் 1673இல் லண்டனில் அச்சேறின. முட்டை அதன்பின் மூடிய பெட்டியாக இருக்கவில்லை.

அறிஞர்கள் இவ்வாறு பார்த்துக்கொண்டிருக்கையில், கோழியின்றியே குஞ்சு பொரிக்கும் கலை வேறொரு புறத்தில் வளர்ந்து வந்தது. எகிப்து நாட்டார் தொன்றுதொட்டே பெரிய அடுப்பறைகளைக் கட்டி, வெப்பத்தைத் தம் உடலுணர்வாலேயே அளந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் அக்கலையை ஆராய்ந்து, 1749இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடைகாப்புப் பெட்டிகளும், இருபதாம் நூற்றாண்டில் பெரும் பொரிப்பகங்களும் தோன்றின. இதனால் ஒரு நன்மை விளைந்தது. ஒரு குறையும் உடன் வந்தது. ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாத்த இடத்தில் இயந்திரம் பல்லாயிரம் முட்டைகளைக் காத்தது. ஆனால் பிறந்த குஞ்சுக்கு அருகில் தாய் இல்லை.

அடைகோழி குஞ்சு பொரித்ததை ஊரில் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். கூடையில் வைக்கோல் பரப்பி அடை வைத்த கோழி, குஞ்சுகளுடன் இறங்கிய அன்றே தரையைக் கீறி, கொக்கரித்து அழைத்து, நொய்யரிசியைக் கொத்திக் காட்டும். பொரிப்பகத்துக் குஞ்சின் நிலை வேறு. ஒரே நாளில் வைத்த முட்டைகளாயினும் அவை ஒரே வேளையில் பொரிப்பதில்லை. முந்திப் பொரித்தவை பிந்தியவற்றிற்காக ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கும். அதன்பின் எண்ணுதல், தரம் பிரித்தல், தடுப்பூசி, பெட்டியில் அடைத்தல், வண்டிப் பயணம் ஆகியவை உண்டு. பண்ணையில் முதல் தீனியைக் காணுமுன் இரண்டு நாட்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் கழிந்துவிடும்.

அத்தனை நேரம் குஞ்சு உயிர் தாங்குவது எவ்வாறு? பொரிப்பதற்குச் சற்று முன்பு, எஞ்சிய மஞ்சட்கருப் பை குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே ஆகாரம். இந்த உண்மையை நம்பியே அமெரிக்காவில் 1918 முதல் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்ப இசைவளித்தனர். ஆயினும் சாகாமலிருப்பது வேறு, வளர்வது வேறு. மஞ்சட்கருவின் எச்சம் உயிரைக் காக்கும். குடலை வளர்க்க அது போதாது.

முட்டைக்குள் கைவைத்த வரலாறு கோழியின் நன்மைக்காகத் தொடங்கியதன்று. நச்சுயிரிகள் உயிருள்ள திசுவிலன்றி வளரா. அவற்றை வளர்க்கத் தூய்மையான, மலிவான இடம் தேடிய அமெரிக்க அறிஞர்களான எர்னஸ்ட் குட்பாஸ்ச்சரும் ஆலிஸ் வுட்ரஃபும் 1931இல் கோழிக்கருவின் சவ்வில் கோழியம்மை நச்சுயிரியை வளர்த்துக் காட்டினர். முட்டை ஓர் ஆய்வுக் குடுவையாக மாறிற்று. மஞ்சள் காய்ச்சலுக்கும் இன்ஃபுளூயன்ஸாவுக்கும் தடுப்பு மருந்துகள் பின்னர் அதனுள்ளேயே உருவாயின.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. குமாவூன் மலையிலுள்ள ராணிகேத்தில் 1927-28இல் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஒரு நோய் அடையாளம் காணப்பட்டது. உலகம் நியூகாசில் நோய் என்று வழங்குவதை நாம் இன்றும் ராணிகேத் நோய் என்றே கூறுகிறோம். 1940இல் இங்கிலாந்தில் ஐயர் என்ற இந்திய ஆராய்ச்சியாளரும் டாப்சன் என்பாரும், அந்நோயின் நச்சுயிரியை முட்டை விட்டு முட்டை மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தனர். அதே குமாவூன் மலையிலுள்ள முக்தேசுவரத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ஹேடோவும் இத்னானியும் இவ்வழியே உருவாக்கிய தடுப்பு மருந்தின் விவரம் 1946இல் வெளிவந்தது. ‘முக்தேசுவர் வகை’ என்னும் அத்தடுப்பு மருந்து இந்தியக் கோழிகளைப் பல்லாண்டுகள் காத்தது.

முட்டைக்குள் செலுத்துவது அம்முட்டையின் குஞ்சுக்கே பயன்பட வேண்டும் என்னும் எண்ணம் பின்னர் வந்தது. ஹங்கேரி நாட்டு யோசெப் மாரெக் 1907இல் விவரித்த கோழி வாதநோய், பெரும்பண்ணைகள் பெருகியபின் கொடிய கொள்ளைநோயாக வளர்ந்தது. பொரித்த குஞ்சுக்குத் தடுப்பூசி போட்டும், ஊசி பலன் தருவதற்கு முன்னரே நோய் தொற்றிவிடக்கூடும். பொரிப்பதற்கு முன்பே போட்டாலென்ன என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆராய்ந்த சர்மாவும் பர்மெஸ்டரும், பதினெட்டாம் நாள் கருவுக்கே தடுப்பு மருந்து செலுத்திப் பலன் கண்டு 1982இல் வெளியிட்டனர். பத்தாண்டுகளில், 1992 அளவில், மணிக்குப் பல்லாயிரம் முட்டைகளில் துளையிட்டு மருந்து செலுத்தும் இயந்திரம் வணிகத்துக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் பிறக்கும் பிராய்லர் குஞ்சுகளில் பெரும்பகுதி ஓட்டுக்குள் இருக்கும்போதே தடுப்பூசி பெற்றவை.

மருந்து புகுந்த துளை வழியே உணவும் புகலாம் அன்றோ? அமினோ அமிலங்களை முட்டைக்குள் செலுத்தி வளர்ச்சியை அளந்த ஆய்வொன்று அதே 1982இல் வெளிவந்ததுண்டு. ஆயினும் இந்த எண்ணத்தை அவசரமாக்கியது கோழியினத்தில் ஏற்பட்ட மாறுதலே. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை விளக்கும். 1957ஆம் ஆண்டு நிலையில் மாற்றாமல் காத்துவந்த இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டு வணிக இனம் ஆகிய மூன்றையும் ஒரே தீனியில் வளர்த்தனர். ஐம்பத்தாறாம் நாளில் முதலாவதன் எடை 905 கிராம். இரண்டாவதன் எடை 1,808 கிராம். மூன்றாவதன் எடை 4,202 கிராம். அரை நூற்றாண்டுத் தேர்வில் கோழி நாலரை மடங்கிற்கும் மேல் பருத்துவிட்டது. ஆனால் அடைகாலம் அதே இருபத்தொரு நாள்தான். முப்பத்தைந்து நாளில் சந்தைக்குச் செல்லும் கோழிக்கு, கருவாய்க் கழிந்த நாட்கள் முழு வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாகும். பயணி ஓட்டம் பிடிக்கிறான். கட்டுச்சோறோ நடைப்பயணிக்கென்று கட்டியது.

கருவின் இறுதி மூன்று நாட்கள் கடுமையானவை. அதுவரை மஞ்சட்கருவின் கொழுப்பையே எரித்து வந்த கரு, ஓட்டை உடைத்து வெளிவரும் உழைப்புக்கு ஈரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையைச் செலவிடுகிறது. கிளைக்கோஜன் என்பது அதன் பெயர். அது தீர்ந்தால் தன் தசைப் புரதத்தையே உருக்கிச் சர்க்கரையாக்கும். குடல் விரைந்து வளரவேண்டிய காலமும் அதுவே. ஆக, வெளியுலகைக் காணும் வேளையில் குஞ்சு களைத்துப் போயிருக்கிறது.

இங்கேதான் இஸ்ரேல் நாட்டு ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஸெஹாவா யூனியும், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபெர்க்கெட்டும் இயற்கையின் ஒரு வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டனர். கருவைச் சூழ்ந்து ஒரு நீர்ப்பை உண்டு. பொரிப்பதற்கு முன் கரு அந்நீரை வாயால் குடித்துத் தீர்த்துவிடும். பதினேழு பதினெட்டாம் நாளில் அந்த நீரில் சர்க்கரைப் பொருள்களையும் புரதச் சத்துகளையும் கலந்துவிட்டால், கரு தானே பருகிக்கொள்ளும். இது மருத்துவர் ஊசி குத்துவது போன்றதன்று. குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது போன்றது. 2003இல் இம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. தொடர்ந்த ஆய்வுகளில், ஊட்டம் பெற்ற குஞ்சுகளின் ஈரலில் கிளைக்கோஜன் மிகுந்திருந்தது. குடல் உறிஞ்சிகளின் பரப்பு விரிந்திருந்தது. பிறந்த எடையும் சில விழுக்காடு கூடியிருந்தது.

உத்தரப் பிரதேசத்தில் பரேலி நகரை அடுத்த இஜத்நகரில், 1979இல் அமைந்த மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அதன் விஞ்ஞானிகளும் இத்துறையில் பின்தங்கவில்லை. அமினோ அமிலங்களை முட்டைக்குள் செலுத்தி, எந்தக் கூட்டு வளர்ச்சிக்குத் துணை செய்கிறது, எது நோயெதிர்ப்புக்குத் துணை செய்கிறது என்று அவர்கள் பகுத்து ஆராய்ந்த கட்டுரைகள் 2004, 2005ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்தன.

இத்தனை சிறப்பிருந்தும் தடுப்பூசி பரவியது போல் இவ்வூட்டம் வணிகத்தில் பரவவில்லை. காரணம் எளிது. தடுப்பு மருந்தின் அளவு ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஊட்டத்திற்கோ பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிலிட்டர் வரை வேண்டும். அத்தனையையும் மெல்லச் செலுத்தினால் இயந்திரத்தின் வேகம் குறையும். ஊசி நீர்ப்பையைத் தவறவிட்டால் உணவு வீண். கரைசல் அடர்ந்துவிட்டால் கருவிலிருந்து நீரை உறிஞ்சி அதனைக் கொன்றுவிடும். சர்க்கரையும் புரதமும் குஞ்சுக்கு மட்டும் உணவல்ல, கிருமிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் விருந்து. தூய்மை சற்றே தவறினாலும் பொரிப்பு விழுக்காடு சரியும். பிறக்கும்போது தெரிந்த மிகுதி சந்தைக்குச் செல்லும் நாள் வரை நிலைப்பதாகவும் எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை.

வேறு வழியை நாடியவர்களும் உண்டு. நெதர்லாந்தில், பொரிக்கும் அறையிலேயே வெளிச்சமும் தீனியும் நீரும் வைக்கும் அமைப்புகள் வந்துள்ளன. முட்டைகளைப் பதினெட்டாம் நாளில் பண்ணைக்கே கொண்டுசென்று அங்கேயே பொரிக்கவிடும் முறையும் உண்டு. ஊசியின்றியே பசியைத் தீர்க்கும் வழிகள் இவை.

இவற்றுள் எது வெல்லும் என்பதைச் செலவுக் கணக்கு முடிவு செய்யலாம். ஆனால் இவ்வரலாறு கூறும் உண்மை ஒன்றுண்டு. ஓட்டுக்குள் ஊட்டுவது இயற்கையின் குறையை மனிதன் நிறைவு செய்த கதையன்று. தாயை அகற்றியவர்கள் நாம். பிறந்த குஞ்சைப் பெட்டியில் காக்க வைத்தவர்கள் நாம். அதன் வளர்ச்சியை விரட்டியவர்களும் நாமே. நம்மால் நேர்ந்த பசிக்கு நாமே தேடும் பரிகாரம் இது. அந்த அளவில் இது போற்றத்தக்க கடமை. அதனைக் கொண்டு குஞ்சை மேலும் விரட்டுவோமாயின், கொடுத்த ஒரு பிடிச் சோற்றையும் நாமே பறித்தவர்களாவோம். கிராமத்து முற்றத்தில் பொரிக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இந்த ஊசி தேவைப்படவில்லை. நிதானமாக வளரும் அக்குஞ்சுக்குத் தாய் கட்டித் தந்த உணவு போதும். முதல் நாளே நொய்யைக் கொத்திக் காட்டத் தாயும் அருகிலேயே இருக்கிறது.