மூன்றாம் தரப்பு நோய்க்கால ஊதியம்: அமெரிக்க ஊதிய வரிப் படிவங்களில் பதிவு

நோயாலோ காயத்தாலோ சில காலம் வேலைக்கு வர முடியாத பணியாளருக்கு, அவர் வேலை பார்க்கும் நிறுவனம் அல்லாத வேறொருவர் வழங்கும் தொகையே மூன்றாம் தரப்பு நோய்க்கால ஊதியம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதைப் பெரும்பாலும் இயலாமைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. பணம் தருபவர் ஒருவர், வேலை தந்தவர் இன்னொருவர் என்பதால் வரியைப் பிடிப்பது யார், நிறுவனத்தின் பங்கைச் செலுத்துவது யார், ஆண்டறிக்கை தருவது யார் என்று தனித்தனியே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அந்நாட்டு வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 15-ஏ என்ற கையேடு இவற்றை விளக்குகிறது.

பின்னணி

நோய்க்காலத்தில் சம்பளம் தர வேண்டும் என்று தனியார் நிறுவனங்கள் அனைத்தையும் கட்டாயப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு மட்டுமே. ரோட் ஐலண்ட் 1942இலும் கலிஃபோர்னியா 1946இலும் மாநில அளவிலான இயலாமைக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. மற்றப் பல இடங்களில் நிறுவனங்கள் எடுக்கும் குழுக் காப்பீடே நோயுற்ற பணியாளருக்குக் கைகொடுக்கிறது.

நிறுவனத் திட்டத்தின்கீழ் வரும் நோய்க்கால ஊதியம் முன்பு சமூகப் பாதுகாப்பு வரிக்கு வெளியே இருந்தது. 1981 டிசம்பரில் நிறைவேறிய 97-123ஆம் எண் பொதுச் சட்டம் இதை மாற்றியது. 1982 ஜனவரி முதல், வேலையை நிறுத்திய பின் வரும் முதல் ஆறு மாதத் தொகைக்கும் வரி உண்டு, அதைக் காப்பீட்டு நிறுவனம் தந்தாலும்கூட. இன்றைய படிவச் சிக்கல்களுக்கெல்லாம் தொடக்கம் இந்த மாற்றமே.

வரிக்கு உட்படும் பகுதி

பணியிட விபத்துக்கான இழப்பீடு, இயலாமை ஓய்வூதியம், மருத்துவச் செலவுக்கான தொகை ஆகியவை நோய்க்கால ஊதியத்தில் சேரா. மற்றத் தொகைகளில் எவ்வளவுக்கு வரி என்பது பிரீமியத்தைக் கட்டியவரைப் பொறுத்தது. நிறுவனம் கட்டிய பிரீமியத்துக்கு உரிய பகுதிக்கு வரி உண்டு. வரி போக மிஞ்சிய சம்பளத்திலிருந்து பணியாளரே கட்டிய பகுதிக்கு வரி இல்லை. பிரீமியத்தில் 60 விழுக்காட்டை நிறுவனமும் 40 விழுக்காட்டைப் பணியாளரும் கட்டியிருந்தால், 10,000 டாலரில் 6,000 டாலர் மட்டுமே வரிக்கு உட்படும். வரி பிடிக்கப்படுவதற்கு முன்பே சம்பளத்தில் கழிக்கப்பட்ட பிரீமியம் நிறுவனம் கட்டியதாகவே கொள்ளப்படும்.

கால வரம்பும் உண்டு. பணியாளர் கடைசியாக வேலை செய்த மாதத்தை அடுத்து ஆறு முழு நாட்காட்டி மாதங்கள் முடிந்த பின் தரப்படும் தொகைக்குச் சமூகப் பாதுகாப்பு வரி, மெடிகேர் வரி, கூட்டரசு வேலையின்மை வரி ஆகிய மூன்றும் இல்லை. மார்ச் 10ஆம் தேதியோடு வேலையை நிறுத்தியவருக்கு அக்டோபர் 1 முதல் இந்த விலக்குக் கிடைக்கும். வருமான வரிக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

முகவரும் காப்பீட்டாளரும்

காப்பீட்டு இடர் எதையும் ஏற்காமல், கொடுத்த தொகையையும் அதற்கான கட்டணத்தையும் நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொள்பவர் முகவர். இடரைத் தானே சுமப்பவர் காப்பீட்டாளர். முகவர் வருமான வரியைக் கட்டாயம் பிடிக்க வேண்டும். 22 விழுக்காடு என்ற நிலையான விகிதத்திலும் பிடிக்கலாம். காப்பீட்டாளரோ, பணியாளர் டபிள்யூ-4எஸ் படிவம் தந்து கேட்டுக்கொண்டால் மட்டுமே வருமான வரி பிடிப்பார்.

சமூகப் பாதுகாப்பு வரி 6.2 விழுக்காடு, மெடிகேர் வரி 1.45 விழுக்காடு. பணியாளரும் நிறுவனமும் இவற்றைத் தனித்தனியே செலுத்த வேண்டும். காப்பீட்டாளர் மூன்று செயல்களைச் செய்துவிட்டால் நிறுவனப் பங்கின் பொறுப்பு அவரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறும்: பணியாளர் பங்கைப் பிடித்தல், அதை உரிய நாளுக்குள் அரசுக்குச் செலுத்துதல், அதே கெடுவுக்குள் நிறுவனத்துக்கு அறிவித்தல். மூன்றில் ஒன்று தவறினாலும் நிறுவனப் பங்கும் காப்பீட்டாளர் தலையிலேயே விழும்.

படிவம் 941

காலாண்டுதோறும் தாக்கலாகும் 941ஆம் படிவத்தின் 8ஆம் வரி நோய்க்கால ஊதியத்தைச் சரிசெய்வதற்கென்றே உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு: முழுவதும் வரிக்கு உட்பட்ட 10,000 டாலரைக் காப்பீட்டாளர் தந்து, பொறுப்பையும் முறைப்படி மாற்றிவிட்டார். அவர் தம் படிவத்தின் 5ஏ, 5சி வரிகளில் இரு பங்குகளையும் சேர்த்து 1,530 டாலர் வரி காட்டுவார். தாம் செலுத்தத் தேவையில்லாத நிறுவனப் பங்கான 765 டாலரை 8ஆம் வரியில் கழிப்பார். நிறுவனமும் அதே 10,000 டாலரைத் தன் படிவத்தில் எழுதி 1,530 டாலர் வரி காட்டும். காப்பீட்டாளர் ஏற்கெனவே பிடித்துச் செலுத்திய பணியாளர் பங்கு 765 டாலரை 8ஆம் வரியில் கழிக்கும். இருவரும் செலுத்தியதைக் கூட்டினால் சரியாக 1,530 டாலர் அரசுக்குச் சேர்ந்திருக்கும்.

வேலையின்மை வரிக்கான 940ஆம் படிவத்திலும், பொறுப்பு மாறியிருந்தால் நிறுவனமே இத்தொகையைச் சேர்த்துக் காட்டும்.

டபிள்யூ-2, 8922 படிவங்கள்

பொறுப்பு மாறியபின், காப்பீட்டாளர் அடுத்த ஆண்டு ஜனவரி 15க்குள் ஒவ்வொரு பணியாளரின் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், தந்த தொகை, பிடித்த வரி ஆகியவற்றை நிறுவனத்துக்கு எழுத்தில் தர வேண்டும். அதைக் கொண்டு நிறுவனம் ஜனவரி 31க்குள் பணியாளரின் ஆண்டு ஊதிய அறிக்கையான டபிள்யூ-2 படிவத்தை வழங்கும். வழக்கமான சம்பளத்தோடு சேர்த்து ஒரே படிவமாகவும் தரலாம், தனியாகவும் தரலாம். 13ஆம் கட்டத்தில் மூன்றாம் தரப்பு நோய்க்கால ஊதியத்துக்கான குறியிட வேண்டும். வரியில்லாத பகுதி 12ஆம் கட்டத்தில் 'ஜே' என்ற குறியீட்டோடு பதிவாகும். காப்பீட்டாளர் பிடித்த வருமான வரியின் மொத்தம், சுருக்கப் படிவமான டபிள்யூ-3இன் 14ஆம் கட்டத்தில் வரும். பொறுப்பை மாற்றாத காப்பீட்டாளர் தம் பெயரிலேயே டபிள்யூ-2 தர வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10,000 டாலர் இரண்டு 941 படிவங்களில் பதிவானது. டபிள்யூ-2இல் ஒரே முறைதான் வரும். ஐ.ஆர்.எஸ். இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு பிழைபோலத் தோன்றும். அதை விளக்குவதற்காக 2014ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 8922ஆம் படிவம் நடைமுறைக்கு வந்தது. டபிள்யூ-2 படிவத்தை நிறுவனம் தாக்கல் செய்தால் 8922ஐக் காப்பீட்டாளர் தருவார். ஒப்பந்தப்படி காப்பீட்டாளரே முகவராக டபிள்யூ-2 தாக்கல் செய்தால் 8922 நிறுவனத்தின் கடமை.

முக்கியத்துவம்

டபிள்யூ-2இல் பதியும் ஊதியமே பணியாளரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் ஏறுகிறது. பிற்கால ஓய்வூதியமும் அதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நோய்க்கால ஊதியம் விடுபட்டால் நோயுற்ற மாதங்கள் வருமானமே இல்லாத மாதங்களாகிவிடும். 'ஜே' குறியீடு விடுபட்டு வரியில்லாப் பகுதி ஊதியத்தில் கலந்தால் அவர் கட்ட வேண்டாத வரியைக் கட்ட நேரிடும். எனவே ஆண்டின் கடைசிச் சம்பளப் பட்டியலை முடிக்கும் முன்பே காப்பீட்டாளரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, பிரீமியப் பங்கையும் ஆறு மாத வரம்பையும் சரிபார்ப்பது ஊதியப் பிரிவின் கடமை. பணியாளரும் தம் டபிள்யூ-2இன் 12, 13ஆம் கட்டங்களைப் பார்த்து, தவறிருந்தால் திருத்தப் படிவமான டபிள்யூ-2சி கேட்டுப் பெற வேண்டும்.